பஞ்சானன் மகேசுவரி

பஞ்சானன் மகேசுவரி (நவம்பர் 9, 1904 – மே 18, 1966) இந்தியத் தாவரவியலாளர் ஆவார். பூக்கும் தாவரங்களின் கருவியலில் இருபதாம் நூற்றாண்டின் முதன்மையான அறிஞர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். மகரந்தம் சூலகமுடியில் விழுந்து, சூலகத்தண்டின் வழியே இறங்கிச் சூலை அடைந்தால்தான் கருவுறுதல் நிகழும் என்னும் இயற்கை வழியைத் தவிர்த்து, சோதனைக் குழாயில் வைத்த சூல்களின் மீது நேரடியாக மகரந்தத்தைத் தூவி விதை உண்டாக்கும் முறை, தில்லிப் பல்கலைக்கழகத்தில் இவருடைய ஆய்வகத்தில் 1962ஆம் ஆண்டு வெளிப்பட்டது. பழமர வளர்ப்பில் பெரும் தடையாக உள்ள தன்னொவ்வாத்தன்மையை ஆராய்வதற்கு இம்முறை ஒரு வழியைத் திறந்தது.

இளமையும் கல்வியும்

மகேசுவரி இராசசுத்தான் மாநிலத்தின் ஜெய்ப்பூரில் பிறந்தார். அலகாபாத்தில் உள்ள யூயிங் கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1925இல் இளம் அறிவியல் பட்டமும், அலகாபாத் பல்கலைக்கழகத்தில் 1927இல் முதுநிலைப் பட்டமும், 1931இல் முனைவர் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அமெரிக்கரான வின்ஃபீல்ட் டட்ஜன் இவருக்கு ஆசிரியராக வாய்த்தார். மாணவர்களை வயல்வெளிகளுக்கும் மலைகளுக்கும் அழைத்துச் சென்று செடிகளைக் காட்டிக் கற்பித்தவர் அவர். தமக்குச் செய்ய வேண்டிய கைம்மாறு யாது என்று மகேசுவரி கேட்டபோது, தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணவர்களுக்குச் செய்தால் போதும் என்று டட்ஜன் விடையளித்ததாகக் கூறப்படுகிறது. மகேசுவரியின் பிற்கால வாழ்க்கையைப் பார்க்கும்போது இச்செய்தியை நம்பாமல் இருப்பது கடினம்.

இவருடைய தொடக்கக் கால ஆய்வுகள் நம் ஊர்களில் எளிதாகக் காணப்படும் செடிகளையும் மரங்களையும் பற்றியவை. தரையில் படர்ந்து கிடக்கும் மூக்கிரட்டை பற்றி 1929இலும், வாகை மரம் பற்றி 1931இலும் கட்டுரைகள் எழுதினார். பூ மொட்டுகளைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்நோக்கியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதே அக்காலக் கருவியலின் முறை. ஒரு பூவின் வளர்ச்சியை முழுமையாக அறிய நூற்றுக்கணக்கான சீவல்கள் தேவைப்படும். பொறுமை மிகவும் வேண்டிய வேலை இது.

ஆசிரியப் பணி

1930களில் ஆக்ரா கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1936-37இல் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள கருவியல் ஆய்வகங்களைக் கண்டறிந்தார். 1939ஆம் ஆண்டு டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அங்கு தாவரவியல் கல்வியை உருவாக்கினார். நாட்டுப் பிரிவினையின்போது டாக்கா பாகிசுத்தானின் பகுதியாயிற்று. 1949இல் அங்கிருந்து வெளியேறித் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குத் தலைமையேற்றார். இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார்.

கருவியல் ஆய்வுகள்

பூக்கும் தாவரத்தின் சூலினுள் முட்டையணுவைத் தாங்கி நிற்கும் சிறிய அமைப்பு கருப்பை எனப்படும். எல்லாத் தாவரங்களிலும் இது ஒரே விதமாக உருவாவதில்லை. பல நாட்டு ஆய்வாளர்கள் பல செடிகளில் கண்டு எழுதியவை ஒன்றோடொன்று முரண்பட்டுக் கிடந்தன. 1937இல் நியூ பைட்டாலஜிஸ்ட் இதழில் மகேசுவரி எழுதிய திறனாய்வுக் கட்டுரை, அதுவரை கூறப்பட்ட கருப்பை வகைகளை ஒழுங்குபடுத்தி, பிழையான பதிவுகளைச் சுட்டிக்காட்டியது. 1948இல் மற்றொரு விரிவான கட்டுரை வெளிவந்தது. இவற்றின் தொடர்ச்சியாக 1950ஆம் ஆண்டு நியூயார்க்கில் வெளியான மூடுவித்துத் தாவரங்களின் கருவியல் அறிமுக நூல், இவருடைய பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. பல பத்தாண்டுகள் இத்துறையின் அடிப்படைப் பாடநூலாக இருந்த இந்நூல், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தாவரவியல் பயின்ற பலரும் அறிந்ததே.

இந்நூலோடு நின்றிருந்தால், பிறர் கண்டவற்றைச் செவ்வனே தொகுத்தவர் என்ற அளவில் மகேசுவரி நினைக்கப்பட்டிருப்பார். உயிரற்ற சீவல்களைப் பார்த்து விவரிப்பது மட்டும் போதாது, உயிருள்ள சூலையும் கருவையும் கையாண்டு அவற்றின் இயக்கத்தை அறிய வேண்டும் என்று அவர் 1950களில் தம் ஆய்வகத்தைத் திருப்பியதே பின்னர் வந்த சாதனைகளுக்குக் காரணம். ஐம்பது வயதை நெருங்கிய, தம் துறையில் பெயர் பெற்றுவிட்ட ஒருவர் இவ்வாறு புதிய முறைக்கு மாறுவது அரிது.

பழமர வளர்ப்பும் மகரந்தச் சேர்க்கையும்

மகேசுவரியின் ஆய்வகம் செய்தவற்றின் பொருளை அறிய, பழமரங்களை மேம்படுத்துவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைச் சற்று விளக்க வேண்டும்.

தஞ்சை, அதிராம்பட்டினம் முதலிய காவிரிப் படுகைப் பகுதிகளில் விளையும் நெல், தன்மகரந்தச் சேர்க்கைப் பயிராகும். நெற்பூவின் மகரந்தம் பெரும்பாலும் அதே பூவின் சூலகமுடியில் விழுந்துவிடுகிறது. ஆகவே உழவர் தம் வயலில் விளைந்த நெல்லை விதையாக எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அதே நெல் கிடைக்கும். இரு வகைகளைக் கலப்புச் செய்து, வழிமுறைகளைத் தொடர்ந்து தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டு, பண்புகள் நிலைபெற்ற தூய வழியைப் பெறுவதும் நெல்லில் எளிது.

அதே படுகையின் கடற்கரையில் ஓங்கி வளரும் நெட்டைத் தென்னை வேறு வகை. ஒரே பாளையில் ஆண் பூக்கள் முதலில் முதிர்ந்து உதிர்ந்த பின்னரே பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கும் நிலையை அடைகின்றன. எனவே பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தமே சேர்கிறது. குட்டைத் தென்னையில் இவ்விரு பருவங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதால் தன்மகரந்தச் சேர்க்கை மிகுதி. சீத்தாவில் வரிசை தலைகீழாகும். பெண் உறுப்பு முதலில் முதிர்கிறது. இவையெல்லாம் காலத்தால் ஏற்படும் தடைகள்.

மரபணுவால் ஏற்படும் தடையே தன்னொவ்வாத்தன்மை. ஆப்பிள், பேரி, செர்ரி, வாதுமை ஆகியவற்றில் மகரந்தமும் சூலகமும் நலமுடன் ஒரே காலத்தில் முதிர்ந்திருந்தாலும், தன் மரத்தின் மகரந்தத்தைச் சூலகம் ஏற்பதில்லை. மகரந்தம் முளைத்துக் குழாய் விடும். ஆனால் அக்குழாய் சூலகத்தண்டின் நடுவழியில் நின்றுவிடும். எஸ் எனக் குறிக்கப்படும் மரபணு இடமே இதற்குக் காரணம். ஒரு மரத்தில் இவ்விடத்தின் எதிருருக்கள் எஸ்1, எஸ்2 என்று கொள்வோம். அம்மரத்தின் ஒவ்வொரு மகரந்த மணியிலும் இவ்விரண்டில் ஒன்று இருக்கும். சூலகத்தண்டில் இரண்டும் இருப்பதால் எந்த மணி வந்தாலும் தன்னுடையது என்று இனங்காணப்பட்டுத் தடுக்கப்படும். எஸ்3 உடைய வேறு மரத்தின் மகரந்தம் மட்டும் தடையின்றிச் செல்லும். சூலகத்தண்டில் சுரக்கும் ஒரு புரதம், மகரந்தக் குழாயின் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியே என்பது 1980களின் இறுதியில் புகையிலை இனச் செடி ஒன்றில் தெளிவாயிற்று. ஆப்பிள் குடும்பத்திலும் அவ்வகை நொதியே செயற்படுவது பின்னர் அறியப்பட்டது. மகேசுவரியின் காலத்தில் இவ்வேதியியல் அறியப்படவில்லை. தடை சூலகத்தண்டில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

தோட்டக்காரர் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று இதில் உண்டு. ஒட்டுக்கட்டிப் பெருக்கிய மரங்கள் அனைத்தும் மரபணு அளவில் ஒரே மரம். ஆயிரம் மரங்கள் நின்றாலும் அவை ஒரே வகையின் ஒட்டுகளாயின் அவற்றுக்கிடையே நிகழ்வது தன்மகரந்தச் சேர்க்கையே. பூத்துக் குலுங்கியும் காய் பிடிக்காத தோப்புகள் சிலவற்றுக்கு இதுவே காரணம். வட இந்தியாவின் தசேரி மா தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை என்பதை 1960களில் இந்திய ஆய்வாளர்கள் நிறுவினர். இலங்டா, சௌசா ஆகியனவும் அத்தன்மையுடையவை. நெல்லியிலும் இத்தன்மை காணப்படுவதால், ஒரே வகையைத் தனித்து நடாமல் இரண்டு மூன்று வகைகளைக் கலந்து நடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது.

காய்ப்புக் குறைவு தோப்பு வைத்திருப்பவரின் இழப்பு. புதிய வகை உருவாக்குபவரின் இழப்பு வேறு. தன்மகரந்தச் சேர்க்கைக்கு இடந்தராத மரத்தில் தூய வழி உண்டாக்க முடியாது. மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆவதால் ஒவ்வொரு தலைமுறைக்கும் காத்திருப்பதும் நீளும். நெல்லில் சில ஆண்டுகளில் முடியும் வேலை, மாவில் ஒருவரின் வாழ்நாளில் முடிவதில்லை.

எலுமிச்சை, மா ஆய்வுகள்

பழமர வளர்ப்போரை வருத்தும் மற்றொரு நிகழ்வு பல்கரு நிலை. ஒரு விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதை இச்சொல் குறிக்கும். எலுமிச்சை இனத்திலும், மாவின் சில வகைகளிலும் இது இயல்பு. தென்னாட்டு மா வகைகளுள் ஒலூர், வெள்ளைக் கொழும்பான், சந்திரக்காரன் முதலியன பல்கரு வகைகள். நீலம் ஒற்றைக் கரு வகை. இவ்விதைகளில் மகரந்தத்தின் பங்குடன் தோன்றும் கரு ஒன்றிருக்க, சூலின் உட்புறத் திசுவிலிருந்து நேரடியாக முளைக்கும் கருக்களும் இருக்கும். நியூசெல்லசு எனப்படும் அச்சூல்திசு தாய்மரத்தின் உடலே ஆதலால், அதில் தோன்றும் கன்றுகள் தாயின் நேர்ப்படிகளாக அமைகின்றன.

கலப்பினம் தேடுபவருக்கு இது தொல்லை. அரும்பாடுபட்டுக் கலப்புச் செய்த விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளுள் பல வெறும் தாய்ப்படிகளாக இருக்கும். கலப்பினக் கன்று அவற்றுக்கிடையே நசுங்கி மடிவதும் உண்டு. ஆனால் ஒட்டுக்கட்ட ஒரே சீரான வேர்க்கன்று வேண்டுபவருக்கு இதுவே வாய்ப்பாகும். வெள்ளைக் கொழும்பான் வேர்க்கன்றாகப் பயன்படுவது இதனாலேயே.

மகேசுவரியும் அவருடைய மாணவர் என். எசு. இரங்கசாமியும் எலுமிச்சை, மா ஆகியவற்றின் பல்கரு நிலை பற்றியும், அக்கருக்களை வளர்ப்பூடகத்தில் வளர்ப்பது பற்றியும் 1958இல் எழுதினர். எலுமிச்சை இனத்தின் சூல்திசுவைத் தனியே பிரித்து, காசீன் புரதச் சாறு கலந்த ஊடகத்தில் இட்டு, அதிலிருந்து கருக்களையும் கன்றுகளையும் இரங்கசாமி பெற்றார். மரத்தின் உள்ளே மறைவாக நிகழ்வதைக் கண்ணாடிக் குழாயில் நிகழச் செய்தது அந்த ஆய்வகத்தின் முதல் வெற்றிகளுள் ஒன்று.

இவ்வகை வளர்ப்பூடகங்களுக்கு உலகெங்கும் பயன்பட்ட பொருள்களுள் இளநீரும் ஒன்று என்பது தென்னை விளையும் பகுதியினர்க்குச் சுவையான செய்தியாகலாம். இளநீர் என்பது தென்னங்கருவுக்கு உணவாக அமைந்த நீர்ம நிலைக் கருவூண். வேறு செடிகளின் இளங்கருக்களையும் அது வளர்க்கும் என்பது 1941இல் அமெரிக்காவில் ஊமத்தைக் கருக்களைக் கொண்டு காட்டப்பட்டது.

சோதனைக் குழாயில் கருவுறுதல்

சூலகமுடியும் சூலகத்தண்டும் தடையாக இருக்குமாயின் அவற்றைச் சுற்றிச் செல்ல இயலுமா என்பது அடுத்த வினா. மாணவி குசும் காந்தா முதலில் சூற்பைக்குள் மகரந்தத்தைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். சூற்பையின் வெளிப்புறத்தைத் தூய்மை செய்து, இரு துளைகள் இட்டு, போரிக் அமிலம் கலந்த நீரில் மிதக்கவிட்ட மகரந்தத்தை ஒரு துளை வழியே ஊசியால் செலுத்துவர். உள்ளிருக்கும் காற்று மற்றத் துளை வழியே வெளியேறும். பின்னர் இரு துளைகளையும் வாசலின் கொண்டு அடைத்துவிடுவர். செந்நிறப் பூ பூக்கும் வயற் கசகசாச் செடியில் இம்முறை வெற்றி பெற்றது 1960இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு மகேசுவரியும் காந்தாவும் அபினிக் கசகசா, பிரமதண்டு முதலிய செடிகளிலும் இதனைச் செய்து காட்டினர். மஞ்சள் பூவும் முள்ளிலையும் கொண்டு தமிழ்நாட்டுத் தரிசுகளில் மண்டிக் கிடக்கும் அதே பிரமதண்டுதான்.

1962ஆம் ஆண்டு காந்தா, இரங்கசாமி, மகேசுவரி மூவரும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒரு படி மேலே சென்றது. இம்முறை சூற்பையும் விலக்கப்பட்டது. அபினிக் கசகசாவின் மொட்டில் மகரந்தப் பைகளை முன்னதாகவே நீக்கி, பூவை உறையிட்டுக் காத்து, பின்னர்ச் சூற்பையை ஆய்வகத்தில் திறந்து, சூலொட்டுத் திசுவோடு சேர்ந்த சூல்களை மட்டும் ஊடகத்தில் வைத்தனர். அவற்றின் மேல் மகரந்தம் தூவப்பட்டது. மகரந்தம் சூல்களின் மீதே முளைத்தது. குழாய்கள் சூலுக்குள் புகுந்தன. முட்டையணு கருவுற்றது, கருவூண் உண்டாயிற்று, முடிவில் முளைக்கும் திறனுடைய விதை கிடைத்தது.

சூலகமுடி, சூலகத்தண்டு, சூற்பைச் சுவர் ஆகிய மூன்றும் இல்லாமலே ஒரு பூக்கும் தாவரம் விதை தரும் என்பதை இச்சோதனை காட்டியது. மகரந்தமும் சூலும் ஒன்றையொன்று ஏற்பதில் தடை இல்லை, தடை இடைவழியில்தான் உள்ளது என்னும் கருத்தை இனிச் சோதித்துப் பார்க்கலாம் என்றாயிற்று. மகேசுவரியும் இரங்கசாமியும் 1965இல் எழுதிய நீண்ட கட்டுரை கருவியலை உடலியங்கியலோடும் மரபியலோடும் இணைத்துப் பேசுவது.

முதன்முதலில் ஊசி ஏற்றப்பட்ட வயற் கசகசா, இயற்கையில் தன்னொவ்வாத்தன்மை உடைய செடி. பிற்காலத்தில் இங்கிலாந்தில் தன்னொவ்வாத்தன்மையின் உயிரணு நிகழ்வுகளை ஆராய்ந்தோர் பெரிதும் பயன்படுத்தியதும் இச்செடியையே. இதில் தடை சூலகமுடியிலேயே நிகழ்கிறது. அதன் வேதியியல் ஆப்பிளினுடையதிலிருந்து வேறுபட்டது.

ஒற்றை மடியத் தாவரங்கள்

அதே துறையில் சிப்ரா குகாவும், மகேசுவரியின் மகன் சதீசு சந்திர மகேசுவரியும் 1964இல் ஊமத்தையின் மகரந்தப் பையை ஊடகத்தில் வளர்த்து, மகரந்தத்திலிருந்தே கருக்கள் தோன்றுவதைக் கண்டனர். மகரந்தத்தில் நிறமூர்த்தங்கள் ஒரு தொகுதியே உள்ளதால் அவற்றில் உருவாகும் செடிகள் ஒற்றை மடியமானவை. அவற்றின் நிறமூர்த்தங்களை இரட்டித்தால் ஒரே அடியில் தூய வழி கிடைத்துவிடும். பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. தன் மகரந்தத்தை ஏற்காத மரத்திற்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும் மர இனங்களில் இம்முறையைக் கையாளுதல் புகையிலை, நெல் போன்றவற்றில் கையாளுவதைப் போல் எளிதாக அமையவில்லை.

நூல்களும் அமைப்புகளும்

மகேசுவரி 1951இல் பன்னாட்டுத் தாவர உருவவியலாளர் கழகத்தைத் தில்லியில் நிறுவி, பைட்டோமார்பாலஜி என்னும் இதழைத் தொடங்கினார். விம்லா வாசிலுடன் சேர்ந்து நீட்டம் என்னும் தாவரம் பற்றிய நூலை 1961இல் வெளியிட்டார். தாவரத் திசு, உறுப்பு வளர்ப்புப் பற்றித் தில்லியில் 1961இல் நடந்த கருத்தரங்கின் கட்டுரைகளை இரங்கசாமியுடன் தொகுத்து 1963இல் வெளிக்கொணர்ந்தார். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்திற்காக மேல்நிலைப் பள்ளி உயிரியல் பாடநூலை உருவாக்கும் பணிக்கும் தலைமை தாங்கினார். உலகறிந்த ஆய்வாளர்கள் பள்ளிப் பாடநூலுக்கு நேரம் ஒதுக்குவது அன்றும் வழக்கமன்று.

மறைவும் அதன் பின்னரும்

1965ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பீர்பல் சகானி 1936இல் பெற்ற சிறப்பு இது. அடுத்த ஆண்டே, 1966 மே 18 அன்று, தில்லியில் தம் 61ஆம் வயதில் காலமானார்.

சோதனைக் குழாய் முறை தன்னொவ்வாத்தன்மையை வெல்லும் என்பதற்கான நேரடிச் சான்றை அவர் காணவில்லை. 1967இல் இரங்கசாமியும் கே. ஆர். சிவண்ணாவும் அதனை அளித்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது பெட்டூனியா இனச் செடி. அதன் சொந்த மகரந்தக் குழாய்கள் சூலகத்தண்டிலேயே தடைபட்டு நிற்பவை. அதே மகரந்தத்தை ஊடகத்தில் வைத்த சூல்களின் மேல் இட்டபோது கருவுறுதல் நிகழ்ந்து, முளைக்கும் விதைகள் கிடைத்தன. இச்செய்தியும் நேச்சர் இதழிலேயே வெளியாயிற்று.

பழமரங்களில் தன்னொவ்வாத்தன்மையை நீக்கிய வழி வேறாக அமைந்தது. இங்கிலாந்தின் ஜான் இன்னசு நிறுவனத்தில் மகரந்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி எஸ் மரபணுவில் மாற்றம் உண்டாக்கினர். அவ்வழியில் வந்த மரத்தைக் கொண்டு கனடாவில் உருவாக்கிய இசுடெல்லா என்னும் செர்ரி வகை, தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. இது 1968இல் வெளியிடப்பட்டது. பின்வந்த தன்காய்ப்புச் செர்ரி வகைகள் பலவற்றுக்கு அதுவே மூதாதை.

மாவில் நிலைமை மேலும் சிக்கலானது. தசேரி முதலியவற்றில் சொந்த மகரந்தக் குழாய் சூலகத்தண்டில் நிற்காமல் சூலைச் சென்றடைகிறது என்றும், கருவுற்ற பின்னர்க் கருவூண் சிதைவதாலேயே பிஞ்சு உதிர்கிறது என்றும் 1970இல் இந்திய ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அங்ஙனமாயின் சூலகத்தண்டைத் தவிர்ப்பதால் பயனில்லை. சிதைவதற்கு முன் கருவை எடுத்து ஊடகத்தில் வளர்ப்பதே வழியாகும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் மா வகைகளை உருவாக்கியோர் இத்தடையை உடைக்க முயலாமல் அதனைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டனர். தன் மகரந்தத்தை ஏற்காத தசேரியைத் தாயாக வைத்தால், அதன் பூக்களில் ஆண் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கும் நுண்ணிய வேலை தேவையில்லை. பிடிக்கும் காய் அயல் மகரந்தத்தால் வந்ததாகவே இருக்கும். தசேரியைத் தாயாகவும் தென்னாட்டு நீலத்தைத் தந்தையாகவும் கொண்டு பிறந்ததே ஆம்ரபாலி. அவ்விரு மாக்களையும் இடம் மாற்றிச் சேர்த்ததில் கிடைத்தது மல்லிகா.